இடிப்பதும் எடுப்பதும்

(மும்பைத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும், இசை கேட்பதும், குழந்தைகள் நடிக்கும் நாடகத்தைக் கண்டு மகிழ்வதும் நம் வழக்கம். அவ்வழக்கத்திற்குச் சற்றுப் புறம்பான பொருள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கின்றோம். நம் காலனியில் எந்த வீட்டின் கதவைத் தட்டினாலும் 'ரீடெவலப்மெண்ட்' என்னும் சொல் இன்று காதில் விழுகின்றது. பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு அதே மனையில் உயரமான புதிய கட்டிடத்தை எழுப்புவதைத்தான் அச்சொல் குறிக்கின்றது. அச்சொல்லைக் கேட்டவுடன் சிலர் முகம் மலர்கின்றது. சிலர் முகம் வாடுகின்றது. மலர்வதற்கும் காரணம் உண்டு. வாடுவதற்கும் காரணம் உண்டு. இரண்டையும் ஒரு தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வீட்டை விட்டு வந்தவர்களுக்கே வீட்டின் அருமை நன்கு தெரியும் என்பர். திருநெல்வேலியையும் தஞ்சையையும் பாலக்காட்டையும் விட்டு இந்நகருக்கு வந்து, ஓர் அறையில் அடுப்பு மூட்டி, மறு அறையில் குழந்தைகளைப் படிக்க வைத்து, மாடத்தில் துளசி வளர்த்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் குடியேறிய கட்டிடங்களுக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது ஆகிவிட்டது. ஆகவே, இடிப்பதா, பழுது பார்ப்பதா என்னும் வினா நமக்கு ஏட்டு வினா அன்று. வாசற்படியில் வந்து நிற்கும் வினாவாகும்.

சரித்திரத்தைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி என்னும் பகுதியில் கொள்ளை நோயாகிய பிளேக் தோன்றியது. அதனை முதலில் கண்டுரைத்தவர் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் என்பவர். காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான தெருக்களில் நோய் காட்டுத் தீயைப்போல் பரவிற்று. மக்கள் திரள் திரளாக நகரை விட்டு ஓடினர். அதன் விளைவாக 1898-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்புத் தோன்றியது. நெருக்கமான பகுதிகளை இடித்துத் திறப்பது, கடற்காற்று நகரின் உள்ளே புகும்படி மேற்கிலிருந்து கிழக்காக அகன்ற சாலைகளை அமைப்பது, ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவது ஆகியவை அதன் கடமைகள். நாக்பாடாவில் முதல் திட்டம் நிறைவேறியது. பிரின்சஸ் தெருவும், இன்று சர்தார் வல்லபாய் படேல் சாலை என்று வழங்கும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் அவ்வாறு பழைய வீடுகளை வெட்டி அமைத்தவையே.

சாலை வந்தது, காற்று வந்தது, நகருக்கு ஓர் எழிலும் வந்தது. மறுப்பதற்கில்லை. ஆயினும், இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? தொடக்க ஆண்டுகளில் டிரஸ்ட் இடித்த இருப்பிடங்கள் மிகுதி. கட்டித் தந்தவை குறைவு. கட்டித் தந்தவற்றின் வாடகையையும் பலரால் தர இயலவில்லை. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருக்க வேண்டிய கூலிக்காரர், அடுத்த தெருவில் ஏற்கெனவே நெருக்கமாக இருந்த வீடுகளிலேயே மேலும் நெருக்கிக்கொண்டு குடியேறினர். ஒரு தெருவின் நெருக்கடி தீர்ந்தது. பக்கத்துத் தெருவின் நெருக்கடி இரட்டித்தது. இடிக்கும்போது குடியிருந்தோரின் கணக்கை எழுதி வைக்காவிடில், இடம் மட்டுமே சீர்படும். மனிதர் சீர்பட மாட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இப்பாடம் இன்றும் பழைமை அடையவில்லை.

அதே டிரஸ்ட் நகரின் வடக்கே வெற்று நிலமாகவும் வயலாகவும் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை வாங்கித் திட்டமிட்டது. கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் இடைவெளி விட்டு, உயரத்துக்கு வரம்பு கட்டி, பூங்காக்களும் நிழல் மரங்களும் அமைத்து மனைகளைப் பிரித்தது. அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் வங்கிகளிலும் பணியாற்ற வந்த தென்னிந்தியர் மாட்டுங்காவில் குடியேறியது இப்படித்தான். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியதும் இம்மண்ணிலேயே. ஆகவே, நாம் ஒன்றை மறத்தல் ஆகாது. பழைய நகரின் நெருக்கத்தை உடைத்த அதே கைகள் தாம் நமக்கு அகன்ற தெருக்களையும் ஐந்து தோட்டங்களையும் தந்தன. இடிப்பு என்றாலே தீமை என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இடிபட்டவர் ஒருவர், குடியேறியவர் வேறொருவர் என்னும் உண்மையை மறைக்கும் உரிமையும் நமக்கு இல்லை.

அந்த டிரஸ்ட் கட்டிய சால் ஒன்றில், பரேல் பகுதியில், டாக்டர் அம்பேத்கர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் 1930-களில் தாதரின் இந்து காலனியில், நூல்களுக்கென்றே வகுத்த 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தைக் கட்டிக்கொண்டு குடிபெயர்ந்தார். சால் வீட்டின் சிறு அறையில் நள்ளிரவு வரை படித்த ஒருவரே பிற்காலத்தில் நாட்டின் அரசியல் சட்டத்தை வரையும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். சுவர் சிறிது, வரலாறு பெரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் தாயகத்தோடு தொடர்புடைய ஒரு செய்தி. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் நகரங்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றை நடத்தினார். சென்னை மாகாணத்தின் ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து 1915-இல் அறிக்கை எழுதினார். தஞ்சையும் மதுரையும் அவற்றுள் அடங்கும். அக்காலத்து அதிகாரிகள், நெருக்கமான குடியிருப்பு என்றால் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்து, அக்கோட்டில் அகப்பட்ட வீடுகளையெல்லாம் இடித்துத் தெரு அமைப்பதையே மருந்து என எண்ணினர். கெடிஸ் அம்முறையை ஏற்கவில்லை. தெருத் தெருவாக நடந்தார். வீடு வீடாக அளந்தார். பாழடைந்து கிடக்கும் வீடு எது, பழுது பார்த்தால் நிற்கும் வீடு எது என்று பிரித்தார். பாழானவற்றை மட்டும் அகற்றி, அவ்விடத்தைச் சிறு திடலாக்கி, ஒரு மரம் நட்டு, கோணலான சந்தைச் சிறிதே விரித்தால் போதும், காற்றும் வெளிச்சமும் வரும் என்று காட்டினார். அதற்கு ஆகும் செலவோ நேர்கோட்டுத் தெருவின் செலவில் ஒரு சிறு பங்கே. நல்ல மருத்துவன் நோயுற்ற உறுப்பை மட்டும் அறுத்து உடலைக் காப்பதுபோல, இதனைக் 'காக்கும் அறுவை' என்னும் பொருள்படும் பெயரால் அவர் அழைத்தார். அப்பெரியார் 1919 முதல் 1924 வரை இதே பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கினார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. தஞ்சையின் சந்துகளில் அவர் கண்ட முறை நமக்கு இன்றும் வழிகாட்டும்.

அப்படியானால் ஒன்றையும் இடியாமல் பழுது பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் இந்நகரின் தனிச் சிக்கல் தலைகாட்டுகின்றது. 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போரும் பிரிவினையும் வீட்டுப் பஞ்சத்தைப் பெருக்கிய காலம் அது. குடியிருப்போரைக் காக்கும் பொருட்டு, 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத நிலவரத்தை ஒட்டி வாடகை நிலைநிறுத்தப்பட்டது. அச்சட்டம் அன்று ஏழை எளியோரைக் காத்தது. நம்மில் பலருடைய பெற்றோரையும் காத்தது. ஆனால் ஆண்டுகள் உருண்டோடின. அரிசி விலை ஏறியது; சிமெண்டு விலை ஏறியது; கொத்தனார் கூலி ஏறியது; வாடகை மட்டும் ஏறவில்லை. வருகின்ற வாடகை ஒரு குழாயை மாற்றவும் போதாது என்று வீட்டுக்காரர் கைவிட்டார். கட்டிடம் தம்முடையது அன்று என்று குடியிருப்போரும் கைவிட்டனர். 'பகடி' கொடுத்துக் கைமாறிய அறைகளுக்கோ, முழு உரிமையும் இல்லை, வெறும் வாடகையும் இல்லை. இருவர் கைவிட்ட வீட்டைக் கடற்காற்று கைவிடவில்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்றது. கழிவறைக் கசிவு மரச் சட்டத்தை அரித்தது. பரணின் மேல் பரண் ஏற்றிய பாரம் தூணை வளைத்தது.

மழைதோறும் வீடுகள் விழுவதைக் கண்ட அரசு 1969-இல் ஒரு சட்டம் செய்தது. தீவு நகரிலுள்ள பழைய கட்டிடங்களின் மீது 'செஸ்' என்னும் வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு பழுது பார்க்க ஒரு வாரியத்தை அமைத்தது. அவ்வாறு கணக்கில் வந்த கட்டிடங்கள் 19,642. பின்னர் அவ்வாரியம், நாம் 'ம்ஹாடா' என்று அழைக்கும் வீட்டு வசதி ஆணையத்தின் பகுதியாயிற்று. 1999-ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம், ஆண்டுக்கு 4 விழுக்காடு வாடகை உயர்வுக்கு இடந்தந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும் எத்தனையோ கட்டிடங்களை கிர்காவ்ம், காமாட்டிபுரா, தோங்ரி பகுதிகளில் நாமே கண்டிருக்கின்றோம்.

2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். இரு நாட்களுக்கு முன் பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது. பேண்டி பஜாரின் பாக்மோடியா தெருவில், நூறு ஆண்டுகளைக் கடந்த ஹுசைனி கட்டிடம் காலை வேளையில் சரிந்தது. முப்பத்து மூன்று உயிர்கள் மண்ணுக்குள் புதைந்தன. இதில் மனத்தை வருத்துவது யாதெனில், அக்கட்டிடம் இடித்துப் புதுப்பிக்க வேண்டிய திட்டத்தில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. சில குடும்பங்கள் வெளியேறியிருந்தன. சில குடும்பங்கள் இருந்தன. உரிய காலத்தில் இடிக்கப்படாத கட்டிடம் தானே இடிந்தது. ஆகவே, "பழைமை வாழ்க" என்று முழங்கும் நண்பர்களை நாம் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது இதுதான்: விழப்போகும் கூரையின் கீழ்க் குழந்தையை உறங்க வைத்துவிட்டுக் கலையழகு பேசுதல் அறமாகாது.

அந்தப் பேண்டி பஜாரிலேயே நம் நாட்டின் பெரிய மறுகட்டமைப்பு முயற்சிகளுள் ஒன்று நடைபெற்று வருகின்றது. 2009-இல் தாவூதி போரா சமூகத்தின் 52-ஆம் தலைவர் சையத்னா முகமது புர்ஹானுத்தீன் அவர்கள் நிறுவிய டிரஸ்ட், 16.5 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 250 கட்டிடங்களை ஒருங்கே எடுத்துக்கொண்டது. 3,200 குடும்பங்களும் 1,250 கடைகளும் அதனுள் அடங்கும். ஒற்றை மனையில் ஒற்றைக் கோபுரம் எழுப்பாமல், ஒரு பேட்டை முழுவதையும் ஒரே திட்டமாகக் கருதியதே அதன் சிறப்பு. அப்போதுதான் தெருவை அகலப்படுத்தவும், மரம் நடவும், சாக்கடையைப் புதிதாக அமைக்கவும் இயலும்.

மற்றொன்று 'பி.டி.டி. சால்' என்று நாம் அறிந்தவை. 1920-இல் ஆளுநர் லாயிட் காலத்தில் அமைந்த வளர்ச்சித் துறை, ஆலைத் தொழிலாளருக்கென வொர்லி, நாய்காவ்ம், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டிடங்களைக் கட்டியது. ஒவ்வொன்றிலும் எண்பது அறைகள், ஓர் அறைக்கு 160 சதுர அடி, கழிவறை பொது. தலைமுறை தலைமுறையாக அந்த 160 சதுர அடியில் திருமணமும் நடந்தது, பிள்ளைப்பேறும் நடந்தது. 2017-இல் மறுகட்டமைப்புக்கு அடிக்கல் நாட்டினர். 2025 ஆகஸ்ட் மாதத்தில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் 500 சதுர அடி வீட்டின் சாவியைப் பெற்றன. அடிக்கல்லுக்கும் சாவிக்கும் இடையே எட்டு ஆண்டுகள். அந்த 500 சதுர அடியை ஏளனம் செய்வார் நம்மில் எவரும் இல்லை. தனக்கென்று ஒரு கழிவறை வேண்டும் என்று ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த ஒரு தாயின் மகிழ்ச்சியை எந்தக் கலை விமரிசனமும் ஈடு செய்யாது.

இத்திட்டங்களின் கணக்கு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நாம் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதனை 'எஃப்.எஸ்.ஐ.' என்பர். பழைய செஸ் கட்டிடங்களை இடித்துக் கட்டுவோருக்கு, 1991-ஆம் ஆண்டு வளர்ச்சி விதிகளின் 33(7)-ஆம் பிரிவு மிகுதியான அளவை வழங்கிற்று. குடியிருந்தோருக்கு இலவசமாக வீடு தர வேண்டும். எஞ்சிய பரப்பைப் பில்டர் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். பழைய அறை எவ்வளவு சிறியதாயினும், இன்றைய விதியின்படி குறைந்தது 300 சதுர அடி உண்டு. அரசுக்குச் செலவில்லை; குடியிருப்போருக்குச் செலவில்லை; பில்டருக்கு இலாபம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால், செலவே இல்லாத பொருள் உலகில் உண்டோ? செலவை நகரம் ஏற்கின்றது. மூன்று மாடி இருந்த இடத்தில் முப்பது மாடி எழும்புகின்றது. தெருவின் அகலம் அதே. சாக்கடைக் குழாய் அதே. குடிநீர்க் குழாயும் அதே. மேலும், எந்த மனையில் விற்பனை விலை மிகுதியோ அம்மனையையே பில்டர் நாடுவார். விழும் நிலையில் உள்ள ஏழைக் கட்டிடம் விலை குறைந்த தெருவில் இருப்பின், அது காத்துக்கொண்டே இருக்கும். இன்னும் பத்தாண்டு தாங்கும் நம் கட்டிடம் நல்ல தெருவில் இருப்பதால் முதலில் இடிபடும். வலுவின்மை இடிப்புக்குக் காரணமாக இருக்க வேண்டிய இடத்தில், விலையே காரணமாகிவிடுகின்றது.

இடித்துக் கட்டிய புதுமையெல்லாம் நிலைத்ததில்லை என்பதற்கு வெளிநாட்டிலிருந்தும் சான்று உண்டு. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில், சேரிகளை அகற்றிப் புருயிட்-இகோ என்னும் பெயரால் பதினோரு மாடிக் கட்டிடங்கள் முப்பத்து மூன்று எழுப்பினர். 1954-இல் மக்கள் குடியேறினர். பராமரிப்புக்குப் பணமில்லை, மின்தூக்கிகள் நின்றன, அச்சம் குடிபுகுந்தது. 1972-இல் அரசே அவற்றை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கியது. கட்டிடம் எழுப்புவதற்குப் பணம் தேடியவர்கள், அதைப் பேணுவதற்குப் பணம் தேடவில்லை. நியூயார்க் நகரின் பென்சில்வேனியா இரயில் நிலையமோ உறுதியோடு நின்ற அழகிய கட்டிடம். 1963-இல் அதனை இடிக்கத் தொடங்கியபின் மக்கள் விழித்துக்கொண்டனர். 1965-இல் அந்நகர் புராதனக் கட்டிடங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. சட்டம் வந்தது, நிலையம் வரவில்லை.

நம் மும்பை இவ்வகையில் பின்தங்கியதன்று. 1995-இல் இந்தியாவிலேயே முதலாவதாக நகரப் பாரம்பரியக் கட்டிடங்களுக்கென விதிகள் வகுத்தது. 2018-இல் கோட்டைப் பகுதியின் விக்டோரியக் கட்டிடங்களும் ஆர்ட் டெகோ கட்டிடங்களும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியலில் இடம்பெற்றால் போதுமா? வாட்சன் ஓட்டல் என்று வழங்கிய எஸ்பிளனேடு மாளிகையைப் பாருங்கள். இங்கிலாந்தில் வார்த்த இரும்பைக் கப்பலில் கொணர்ந்து 1860-களில் எழுப்பிய கட்டிடம் அது. 1896 ஜூலை 7-ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாக அங்கேதான் காட்டப்பட்டன. 2019-இல் பம்பாய் ஐ.ஐ.டி. வல்லுநர்கள் அதனை இடித்தல் நலம் என்றனர். வேறு வல்லுநர்கள் பழுது பார்த்தால் நிற்கும் என்றனர். ஒரே கட்டிடத்தைப் பார்த்துக் கற்றறிந்தோர் இருவகையாகப் பேசுவாராயின், ஒரு தாளில் ஒருவர் இட்ட கையொப்பத்தை மட்டும் நம்பி நம் வீட்டை நாம் இடிக்கலாமா?

ஆகவே, அன்பர்களே, சில செய்திகளை வரிசையாகச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது, நம் கட்டிடத்தின் உண்மை நிலையை அறிதல். மாநகராட்சி பழைய கட்டிடங்களைத் தரம் பிரிக்கின்றது. 'சி-1' என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. 'சி-2' என்றால் பெரும் பழுது பார்த்தால் நிற்பது. 'சி-3' என்றால் சிறு பழுது. இத்தரத்தை முடிவு செய்யும் பொறியாளர் பில்டர் கொடுக்கும் ஊதியத்தில் வருபவராக இருத்தல் கூடாது. நாமே பணம் திரட்டி நாமே அமர்த்திய பொறியாளராக இருத்தல் வேண்டும். ஐயம் இருப்பின் இரண்டாமவர் ஒருவரையும் கேட்க வேண்டும். 'சி-1' என்று உறுதியாயின், பாசத்தை ஒதுக்கிவிட்டு மழைக்கு முன் வெளியேற வேண்டும். அங்கே தயக்கம் உயிரைக் குடிக்கும்.

இரண்டாவது, எல்லாம் கூட்டத்தில் நடைபெறல் வேண்டும். கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மறுகட்டமைப்புக்கு மாநில அரசு 2009-லும் 2019-லும் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கின்றது. சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டுதல், திட்ட ஆலோசகரை அமர்த்துதல், கூட்டத்தை ஒளிப்பதிவு செய்தல் ஆகியவை அவற்றுள் உண்டு. மாடிப்படியில் நின்று கையொப்பம் வாங்கிச் செல்லும் வழக்கத்துக்கு நாம் இடந்தரலாகாது.

மூன்றாவது, வீட்டைக் காலி செய்யுமுன் நிரந்தர மாற்று வீட்டுக்கான உடன்படிக்கை பதிவாகியிருத்தல் வேண்டும். எந்த மாடி, எத்தனை சதுர அடி உட்பரப்பு, எத்தனை மாதம் என்பவை அதில் எழுத்தில் இருத்தல் வேண்டும். இடைக்கால வாடகை முதல் ஆண்டு ஒழுங்காக வரும். இரண்டாம் ஆண்டு தாமதமாகும். மூன்றாம் ஆண்டு நின்றுவிடும் என்பது இந்நகரில் பல குடும்பங்கள் கண்ட அனுபவம். ஆதலால் அதற்கு வங்கி உத்தரவாதம் கேட்டல் குற்றமாகாது.

நான்காவது, புதிய கட்டிடத்தின் மாதச் செலவு. பழைய வீட்டில் படி ஏறினோம். புதிய வீட்டில் மின்தூக்கி ஏறுவோம். மின்தூக்கி, நீரேற்றும் மோட்டார், தீயணைப்புக் கருவி, காவற்காரர் ஆகிய இவற்றுக்கெல்லாம் மாதந்தோறும் பணம் வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் அதனைத் தாங்குவாரா? தாங்க இயலாமல் வீட்டை விற்றுவிட்டுத் தொலைவிலுள்ள புறநகருக்குப் போவாராயின், இலவச வீடு அவருக்கு ஊரையே விலையாகக் கேட்டது என்றுதான் பொருள். பராமரிப்புக்கென ஒரு நிலைநிதியைப் பில்டரிடமிருந்து பெற்று வங்கியில் இடுதல் இதற்கு ஒரு வழி.

ஐந்தாவது, உரிமைப் பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள். படிக்கட்டின் கீழ் இஸ்திரி போடுபவர், வாசலில் பூக்கட்டும் அம்மையார், கீழ்த்தளத்தில் காப்பித்தூள் அரைத்து விற்பவர், இரவில் கதவைக் காத்தவர் இவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாமும் ஒரு காலத்தில் இந்நகரில் பெயர் இல்லாதவர்களாக வந்தவர்களே. தாராவியில் நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர் இன்று இதே கவலையோடு தங்கள் தகுதிச் சான்றுகளைத் தேடிக்கொண்டிருக்கின்றனர். நமக்கு நேர்ந்தால் அநீதி என்று சொல்வதை, பிறருக்கு நேரும்போது வளர்ச்சி என்று சொல்லுதல் நேர்மையன்று.

ஆறாவது, இடிக்கும் முறை. ஒரு கட்டிடம் ஒரு நாளில் குப்பையாகிவிடக் கூடாது. பழைய வீடுகளில் பர்மாத் தேக்கு உத்திரங்கள் உண்டு. மங்களூர் ஓடுகள் உண்டு. பூவேலை செய்த சிமெண்டுத் தரைக்கற்கள் உண்டு. மேலிருந்து கீழாக முறையாகப் பிரித்தால் அவை மீண்டும் பயன்படும். இடிபாட்டைத் தரம் பிரித்து அகற்ற வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே விதி செய்துள்ளது. தூசி அடங்க நீர் தெளித்து, திரை கட்டி இடித்தால், அண்டை வீட்டுக் குழந்தைக்கு இருமல் வாராது. மனையிலுள்ள மரங்களை எண்ணி எழுதி வைத்தல் வேண்டும். கட்டிடத்துக்கு வயது எண்பது என்றால் வாசல் மரத்துக்கும் ஏறத்தாழ அதே வயதுதான்.

ஏழாவது, நினைவு. எக்கட்டிடத்தையும் நிலைபெறச் செய்தல் இயலாது. ஆனால் எக்கட்டிடத்தையும் எழுதி வைத்தல் இயலும். இடிக்குமுன் நாற்புறமும் படம் பிடியுங்கள். மாடிப்படி, வராந்தா, பலகணிக் கம்பியின் கோலம், வாசலில் பொறித்த ஆண்டு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அறையில் எந்த ஊர்க் குடும்பம் எந்த ஆண்டு வந்தது என்பதை வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். செங்கல்லை விடத் தாள் நெடுங்காலம் வாழும்.

இவற்றையெல்லாம் தனித்தனிக் குடும்பமாக நின்று செய்தல் கடினம். எழுபது வயது கடந்த ஒரு விதவைத் தாயின் கையில், ஆங்கிலத்திலும் மராத்தியிலும் அச்சிட்ட நூறு பக்க உடன்படிக்கையைக் கொடுத்து, "இங்கே கையொப்பம் இடுங்கள்" என்றால் அவர் என் செய்வார்? மகன் அயல்நாட்டில், மகள் வேறொரு நகரில். நம்பிக் கையெழுத்திடுவார், அல்லது அஞ்சி மறுத்துவிடுவார். இரண்டுமே அறிந்து செய்த செயலாகாது. சங்கம் என்னும் சொல்லுக்குக் கூட்டம் என்பதே பொருள். கூட்டம் கூடிப் பாட்டுக் கேட்டுக் கலைவது ஒரு பயன். கூட்டம் கூடி ஒருவருக்கு அறிவாகவும் துணையாகவும் நிற்பது மற்றொரு பயன். நம் உறுப்பினர்களுள் பொறியாளர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, கணக்காளர் உண்டு, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் உண்டு. இவர்களுள் ஐவரோ அறுவரோ சேர்ந்து ஒரு குழு அமைத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, காலனிக் குடும்பங்கள் கொண்டுவரும் பத்திரங்களைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கின்றோம். இடி என்றோ இடியாதே என்றோ அக்குழு தீர்ப்புக் கூறத் தேவையில்லை. தாளில் எழுதியிருப்பது இன்னது, எழுதாமல் விட்டது இன்னது என்று சொன்னால் போதும். முடிவு குடும்பத்தினுடையது.

நகரம் என்பது ஓர் உயிர். பழைய இலை உதிர்வதும் புதிய தளிர் தோன்றுவதும் உயிருக்கு இயல்பு. உதிர வேண்டிய இலையைப் பசை தடவி ஒட்டி வைத்தல் பேதைமை; பச்சை இலையைப் பறித்துவிட்டுத் தளிர் வரும் என்று காத்திருப்பதும் பேதைமையே. எது சருகு, எது பச்சை என்று கண்டறியும் பொறுமை வேண்டும். அளந்து பார்த்தல், கேட்டுப் பார்த்தல், எழுதிப் பார்த்தல், அதன்பின் கடப்பாரையைத் தொடுதல் என்னும் முறை நிலைத்தால், புதிய கட்டிடங்களில் பழைய அயலார் அப்படியே குடியிருப்பர். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் இம்மேடையில் தொடர்ந்து நாடகம் நடிப்பர்.

இந்த ஞாயிறு முடிந்து அடுத்த ஞாயிறு வருமுன், ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கின்றோம்.